செவலை கேட்ட பாட்டு

— இதென்ன கோமதி, வரக்காப்பி? பாலு என்னாச்சு?

— அதை உங்க முன்னால உக்காந்திருக்கற குப்பண்ணங்கிட்டயே கேளுங்க. இன்னிக்குப் பாலில்லீன்னு வெறுங்கையை வீசிட்டு வந்திருக்காரு.

— ஏனுங்க குப்பண்ணா, உங்க செவலை மாட்டுக்கு மேலுக்குச் சொகமில்லையா?

— சொகத்துக்கென்னுங்க மெம்பரே, குத்துக்கல்லாட்டம் நிக்குது. பாட்டில்லாம பால் விடமாட்டேங்குது. இந்தக் கேரளத்து மூலையில நமக்குன்னு வெடியால, பால் கறக்கற நேரத்துல, கெவர்மெண்டு ரேடியோவுல அரைமணி நேரம் தமிழ்ப்பாட்டு வருமில்லீங்க? அதை நிறுத்திப்போட்டாங்க.

— அதாவது பாருங்க, அதுக்கு ஃபண்டு இல்லை.

— நம்மூருப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகதானுங்க அதுல பாடுனது. அதுகளுக்குச் சொல்லிக்குடுத்த பாட்டு டீச்சர், அந்த ஷிஜி அம்மிணி, அவங்களையும் இந்த மாசத்தோட வேண்டாம்னுட்டாங்களாமா.

— அதாவது பாருங்க, அதுக்கும்...

— ஃபண்டு இல்லை! ஊட்டுல சக்கரை தீந்தாலும் உங்களுக்கு அந்த வார்த்தை மட்டும் தீரவே தீராதுங்க.

— நீ சும்மா இரு கோமதி. குப்பண்ணா, கையில ஃபோன் வெச்சிருக்கீங்களே, அதுல பாட்டுப் போட வேண்டியதுதானே?

— போட்டனுங்க. நல்லாப் பாடிட்டிருக்கறப்ப நடுவுல ஒருத்தன் பூந்து, 'நகைக்கடன் வேணுமா'ன்னு கத்துனானுங்க. உழுந்துது பாருங்க ஒரு ஒதை! பால் கறக்கற போசி ஒரு பக்கம், பாலு ஒரு பக்கம், நான் சாணிக்குள்ள.

— அடக் கடவுளே! சரி, பிரைவேட்டு எஃபெம்மு?

— அதுல பாட்டு எங்கீங்க வருது? ஒருத்தனும் ஒருத்தியும் எதுக்குன்னே தெரியாமச் சிரிச்சுக்கிட்டே கெடக்கறாங்க.

— அதுக்காக, மாட்டுக்குப் பாட்டு வேணும்னு பஞ்சாயத்துல தீர்மானம் போடச் சொல்றீங்களா? எதுர்க்கட்சி ஜோஜோ வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான்.

— சிரிக்கமாட்டானுங்க. அவனும் சொசைட்டிக்குப் பாலூத்தறவன்தானுங்களே.

— அதாவது பாருங்க, ரோடு குண்டும் குழியுமாக் கெடக்குது. இதுல பாட்டுக்குப் பணங்கேட்டா...

— ஏனுங்க, போன எலெக்சனுக்கு ஆட்டோவுல மைக்குக் கட்டி உங்களுக்கு ஓட்டுப்பாட்டுப் பாடுனது ஆருங்க? அந்த டீச்சர்கிட்டப் படிச்ச புள்ளைகதானே? அன்னிக்கு ரோட்டுக் குழியைக் காட்டி ஓட்டுக் கேட்டிருந்தா டெபாசிட்டே போயிருக்கும்.

— நீ எதுக்குடி அவருக்கு ஏத்துக்கிட்டுப் பேசறே?

— நாளைக்கும் வரக்காப்பி குடிக்கறீங்களா?

— நாளைக்குமா?

— பாட்டு வர்ற வரைக்குமுங்க மெம்பரே.

— சரி சரி, பேனாவைக் குடு. 'பால் உற்பத்தியைக் கருத்தில்கொண்டு, காலைத் தமிழ் ஒலிபரப்பையும் பள்ளிப் பாட்டு டீச்சர் வேலையையும் அரசு செலவில் தொடர வேண்டும்.' போதுமா? கமிட்டி இப்பக் கூடிடும், நானே கொண்டுபோறேன். பாலுன்னு சொன்னா ஒருத்தனும் எதுத்துப் பேசமாட்டான். வண்டிச் சாவி எங்க கோமதி?

— ஆணியில தொங்குது பாருங்க... அப்பாடா, கெளம்பிட்டாரு. ஏனுங்கண்ணா, எங்கம்மா ஊட்டு மாடும் சரியாப் பால் விடறதில்லை. அதுக்கும் ஒரு ரேடியோ வாங்கிக் கட்டட்டுங்களா?

— மாட்டுக்கெதுக்குங்க அம்மிணி ரேடியோ? செவலைக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது.

— அய்யய்யோ! அப்பப் பாட்டு?

— எனக்குத்தானுங்க. எம்பொண்டாட்டி போனப்பறம், வெடியால எங்காதுல உழுகற மனுசக் குரல் அந்தப் புள்ளைகளோடதுதான். அது இல்லீன்னா அழுகையா வருதுங்க அம்மிணி, கறக்கக் கையே ஓடறதில்லை. எனக்கு வேணும்னு கேட்டா ஃபண்டு இல்லைம்பாரு. அதான் செவலை பேரைச் சொன்னேன்.

— அப்ப, நகைக்கடன்காரன் கத்துனப்பப் போசியை ஒதைச்சது?

— அது நானுங்க.