வெள்ளிச்சுனைப் போர்டு

போர்டா? எந்தப் போர்டு சார்? அப்படி ஒன்னு இந்தப் பக்கம் யாரும் வைக்கல. இந்தத் தவசி பொய் சொல்றான்னு வேணும்னா எழுதிக்கங்க. மொதல்ல அந்தத் தண்ணி பாட்டிலை நெழல்ல வச்சுட்டு உக்காருங்க.

சுனைத்தண்ணிய டெஸ்ட் பண்ண இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? மேட்டுல அந்தக் கம்பெனிக்காரன் எட்டு வருசம் பழைய பேட்டரி ஒடைச்சானே, அப்ப எங்க சார் போனீங்க? ஆசிட்டைப் பூராம் பாறைக்குழியில ஊத்திட்டு, பூட்டிட்டுப் போயிட்டான். ஈயம் கீழ எறங்கிருச்சாம். ஈயம்னா எங்களுக்குப் பாத்திரத்துக்குப் பூசுறதுதான் தெரியும்.

நீங்களே பாத்தீங்கள்ல, தண்ணி எம்புட்டுத் தெளிவா கெடக்கு! போர் தண்ணிய வாயில வைக்க முடியாது, பருப்பு வேகாது. எம்மக தங்கப்பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்தப்ப, புள்ளத்தாச்சிக்கு எதுக்கு உப்புத்தண்ணின்னு நாந்தேன் தெனம் ரெண்டு கொடம் சுமந்தேன். பேரன் பொறந்து பால்பவுடர் கரைச்சதும் அதுலதான்.

அந்தா, வேப்பமரத்தடியில உக்காந்திருக்கானே, அவந்தேன். நாலு வயசு. இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை வரல. திடீர்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டுக்கிருவான். மதுரையில டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஈயம் ஏறியிருக்கு, தண்ணியாலதான்னாரு. புள்ள பேசுவானான்னு கேட்டேன். அவரு அடுத்த ஆளு சீட்டை எடுத்துட்டாரு. மருமகன் திருமங்கலத்துல இருந்து எட்டிக்கூடப் பாக்குறதில்ல. பாவிப்பய.

திரும்பவும் போர்டா? என்னது, போட்டோ வேற இருக்கா?

ம்.

சரி சார், வச்சாங்க, அஞ்சாறு வருசம் முன்னாடி உங்க ஆளுகதேன். ஈயம் கலந்த தண்ணி, குடிக்காதீங்கன்னு செவப்பு எழுத்து. பஸ்ஸை விட்டு எறங்குனா மூஞ்சிக்கு நேரா நிக்கிது. மறுநா திருமங்கலத்துக்காரங்க எம்மகளைப் பொண்ணு பாக்க வாராங்க. தண்ணி கெட்ட ஊருன்னு தெரிஞ்சா எவன் சார் பொண்ணெடுப்பான்? சாயங்காலம் நட்டதை விடியக்காலம் புடுங்கிட்டேன். ரெண்டு மூணு பேரு பாத்தாங்க. வாயத் தொறக்கல, அவங்க வீட்லயும் பொண்ணு இருக்குல்ல. எம்மக மில்லு ஹாஸ்டல்ல இருந்து அதுக்கப்புறந்தேன் வந்து எறங்குனா, அவளுக்கு இது தெரியாது.

வந்தவங்க போன ஒடனே திரும்ப நட்ரலாம்னுதேன் இருந்தேன். மறந்துட்டேன்... இல்ல சார், மறக்கல. மறந்துட்டேன்னு சொன்னா எந்நாக்கு அழுகிரும். நட்டா ஏன் புடுங்குனேன்னு கேப்பாங்களே. கண்ணாடி மாதிரி தண்ணி, இதுல என்ன இருந்துரப் போகுதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

அந்தப் போர்டுத் தகரந்தானே வேணும்? ஆட்டுக்கொட்டாய் மேல கெடக்கு, மழை ஒழுகுச்சுன்னு போட்டேன். ஓலைய வெலக்கிப் பாருங்க, எழுத்து இன்னும் அழியல.

வாசிச்சா மெதுவா வாசிங்க சார். எம்பொண்ணு உள்ளதான் இருக்கா.