புழுவெட்டு என்று சொன்னவள்

“அக்காவைக் கொஞ்சம் வெளியில இருத்துங்கோ, டொக்டர். நான் தனியக் கதைக்கவேணும்.”

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று நயினாதீவு இறங்குதுறையில் வைத்து அம்மா சொல்லித்தான் விட்டார். “அவளை வெளியில விட்டிட்டுக் கதைச்சியெண்டா, சாகிற வருத்தமெண்டு நினைச்சிடுவாள்.” எனக்கு வேறு வழி இருக்கவில்லை. புதிதாக வந்திருந்த டொக்டர் நிசாந்தினி தமிழ் ஆள். முதல் கேள்வியையே அக்காவிடம் நேராகக் கேட்டுவிட்டார். “போன வருசமே தோலில துண்டு எடுத்துப் பாத்து, மருந்தும் எழுதியிருக்கு. ஏன் எடுக்கேல்லை?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “என்ன மருந்து, பைரவி?”

அதற்குப் பிறகுதான் அப்படிக் கேட்டேன். அக்கா சால்வையால் தலையை மூடிக்கொண்டு எழும்பிப் போனார். நான் சொன்னால் கேட்பார்.

நடந்ததை டொக்டரிடம் சொன்னேன். போன வருஷம் தை மாதம் அக்காவின் உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடம் வழுவழுவென்று இருந்தது. சுற்றிவரச் சிவப்பு, எரிவு. அப்போதிருந்த டொக்டருக்குத் தமிழ் வராது. தோலில் துண்டு எடுத்துப் பார்த்து, முடிவை ஆங்கிலத்தில் சொன்னார், மொழிபெயர்த்தது நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அக்கா சட்டை தைத்துத்தான் அந்தப் பட்டம் வந்தது. டொக்டர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது: மயிர் வேர் இருந்த இடங்கள் தழும்பாகி மூடுகின்றன. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், குளிசையும் தலையில் ஊசியும் உடனே தொடங்கவேண்டும்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னவாம்?”

“புழுவெட்டாம். தன்பாட்டில வந்திடுமாம். இனி இஞ்ச வரத் தேவையில்லையாம்.”

எங்கள் பக்கத்தில் புழுவெட்டுக்கு யாரும் பயப்படுவதில்லை. வட்டமாகக் கொட்டும், சில மாதத்தில் முளைக்கும். அன்று படகில் அக்கா கனநாளைக்குப் பிறகு சிரித்தார். “புழுவுக்கு என்ர தலைதானே கிடைச்சது.” டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டு என் கைப்பையில் இருந்தது.

டொக்டர் பேனையை வைத்தார். “சொல்லப் பயந்தனீரோ?”

“ஓம். பாவமாக் கிடந்தது.”

முதல் கிழமைக்கு அது உண்மை.

பிறகு அக்கா சின்ன வெங்காயம் தேய்க்கத் தொடங்கினார். புழுவெட்டுக்கு எல்லாரும் செய்வதுதான். ஏற்கெனவே எரிகிற தோல்; பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பார். வெங்காயம் உரித்துக் கொடுத்தது நான். “முளைக்குதோ பார்” என்று குனிவார். “ஓம், பொடிப்பொடியாத் தெரியுது” என்பேன். அந்த இடம் உள்ளங்கையளவு ஆனபோதும் அதையேதான் சொன்னேன். இன்றைக்கு அம்மாதான் பிடிவாதமாக எங்களை அனுப்பிவைத்தார்.

“ஒருநாளாவது உண்மையைச் சொல்ல வாய் வரேல்லையோ?” என்றார் டொக்டர்.

அக்காவின் பின்னல் அப்போதெல்லாம் முழங்காலைத் தொடும். ஊரில் அவருக்குப் பெயரே முடிக்காரி. நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று சிவக்கொழுந்து மாமி வேலிக்கு மேலால் யாருக்கோ சொன்னார், “முடிக்காரியின்ர தங்கச்சி கம்பசாம்.” பட்டமளிப்புப் படத்தைக் காட்டினாலும் முதலில் பக்கத்தில் நிற்கும் பின்னலைத்தான் பார்த்தார்கள். நாலு வருஷம் படித்தவள் நான். மயிருக்குத் தங்கச்சியாகவே இருந்தேன்.

அக்கா தலையை மூடிக்கொண்டு திரியத் தொடங்கிய பிறகு, ஐப்பசியில், அதே மாமி என்னை மறித்தார். “பைரவி, நில் பிள்ளை. உந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு.” என் பெயர் அவருக்குத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன். வீட்டுக்குப் போய் அந்த மருந்துத் துண்டைக் கிழித்தேன்.

டொக்டர் பேனையைத் திரும்ப எடுத்தார். பிறகு சொன்னார், “உச்சியில இனி ஒண்டும் செய்ய ஏலாது. ஓரங்களைப் பிடிக்கலாம். இண்டைக்கு நானே அவவுக்குச் சொல்லப்போறன். எல்லாத்தையும். நீரும் பக்கத்தில இரும்.”

“ஆறுதலாச் சொல்லுங்கோ,” என்றேன். அழுதால் தாதி யாரையாவது கையைப் பிடிக்கச் சொல்லுங்கோ என்றும் சொன்னேன்.

மட்டக்களப்பில் எனக்கு வேலை கிடைத்து மூன்று கிழமை. அக்காவைத் தனியே விட மனமில்லாமல் வீட்டில் சொல்லாமலே இருந்தேன். இப்போது தமிழ் தெரிந்த நல்ல டொக்டர் கிடைத்துவிட்டார். இனி இடையில் ஓர் ஆள் தேவையில்லை.

முன்கதவுக்கு வெளியே மர வாங்கில் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் மற்றக் கதவால் வெளியேறி, மட்டக்களப்பு பஸ் பிடிக்க நிலையத்துக்கு நடந்தேன். இந்த நிலைமையில் என் முகத்தையும் காட்டி அவரை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.