பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி

ஓடி வாருங்கள் தம்பி, குடையை வெளியிலேயே உதறிவிட்டுச் சட்டென்று கதவைச் சாத்துங்கள். இந்தப் பக்கம் வேண்டாம், நீங்கள் ஸ்டியரிங் முன்னால் உட்காருங்கள். வாங்கப் போகிறவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சரி. நான் இப்படி உட்கார்ந்துகொள்கிறேன். இந்தச் சீட்டில் நான் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

மழை விடும்வரை ஓட்டிப் பார்க்க முடியாது. பேசிக்கொண்டிருக்கலாம்.

சின்ன வண்டி, அதுவும் மின்சார வண்டி, நமக்குச் சரிப்பட்டு வருமா என்று போனில் கேட்டீர்கள். தாராளமாக வரும். ஊருக்குள் அலுவலகம், கடை, ஆஸ்பத்திரி என்று சுற்றுகிறவருக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஒரு சார்ஜுக்கு இவ்வளவு தூரம் ஓடும் என்று கம்பெனிக்காரன் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஏசி போட்டு, நெரிசலில் நின்று நின்று போனால் கணிசமாகக் குறையும். பிரேக் லேசில் தேயாது; ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் தணியும். டயர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேயும். இந்தச் சந்துக்குள் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். சத்தம் இல்லை. தெரு நாய்கள்கூட எழுந்திருக்காது, நாம்தான் ஹாரன் அடிக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறேன் என்றும் கேட்டீர்கள். வந்து பார்த்த எல்லாரும் கேட்டார்கள். "உபயோகம் குறைஞ்சு போச்சு" என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான். உங்களிடம் நேரம் இருக்கிறது, மழையும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் மனைவி இறந்துவிட்டாள். போன மழைக்காலத்தில், சாலை விபத்து. வருத்தப்படாதீர்கள், எல்லாரும் நிறைய வருத்தப்பட்டுவிட்டார்கள்.

அவள் முடி வெட்டுகிறவள். பிரதான சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்கள் பார்லர் இருக்கிறது. அதை நடத்துகிறவருக்குச் சுருட்டை முடி, அதனால் சுருட்டை அக்கா. அங்கே மூன்றாவது கண்ணாடி என் மனைவியுடையது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெட்டுவாள். வருகிறவர்களைத் தணிவான ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அவர்களைச் சுற்றி வண்டி ஓட்டுவாள். "நான் வெட்டுறேன்னு சொல்லாதீங்க, தலையைச் சுத்தி ஊர்வலம் வர்றேன்னு சொல்லுங்க" என்பாள். அவளிடம் வெட்டிக்கொள்ளவே காத்திருப்பார்கள்.

எங்களிடம் அப்போது ஒரு பழைய பெரிய கார் இருந்தது. காலையில் நான் கொண்டுபோய் விடுவேன், வேலை முடிந்து வந்து அழைத்துப்போவேன். சீக்கிரம் போய்விட்டால் அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய வாரப் பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அப்போதுதான் அது நடக்கும். புதிதாக வந்தவர் யாராவது கேட்பார்:

"ஏம்மா, காலுக்கு என்னாச்சு?"

"பெருசா ஒண்ணுமில்லைக்கா. கார் ஓட்டும்போது இவர் தூங்கிட்டார். அதுல என் காலு ரெண்டும் தூங்கிடுச்சு. இவர் மட்டும் முழிச்சுக்கிட்டார்."

பார்லரே சிரிக்கும். பிறகு கண்ணாடிகள் வழியாக எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். கோபமாக இல்லை, பாவம் என்பதுபோல.

லிஃப்டில் சொல்வாள். மருந்துக்கடையில் சொல்வாள். வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவருக்குச் சொல்வாள். நல்ல நகைச்சுவைதான், நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. அன்று நான் தூங்கவில்லை.

ஒரு சாதாரணச் சண்டை. எதற்கு என்றுகூட இப்போது நினைவில்லை. "மெதுவாப் போங்க" என்றாள். அப்படிச் சொன்னதால்தான் வேகமாகப் போனேன். அவள் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். பயந்தாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கட்டில்தான். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "கண்ணசந்துட்டார் சார்."

தூக்கத்தை எனக்கு அவள்தான் கொடுத்தாள். பிறகு ஒருநாளும், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதுகூட, அதைத் திரும்பக் கேட்கவில்லை. வெளியே போனால் மட்டும், நாலு பேர் முன்னால், அந்தப் போர்வையை எடுத்து எனக்குப் போர்த்திவிடுவாள். அவள் அன்பாகத்தான் செய்தாள். எனக்கு மூச்சு முட்டியது.

பழைய கார் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தபோது, மின்சார வண்டி வாங்கலாம் என்று சொன்னதே அவள்தான். "பார்லர் வாசல்ல நம்ம வண்டி வந்து நின்னா வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. புகை இல்லாததா வாங்குங்க." அவள் மனதில் இருந்தது உயரமான, பின்னால் அகலமாகத் திறக்கிற வண்டி. நான் இதை வாங்கினேன். சந்து குறுகல், நிறுத்த இடமில்லை, இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி என்று காரணங்கள் சொன்னேன். எல்லாமே நியாயமான காரணங்கள். உங்களிடமும் அதையேதான் சொன்னேன், இல்லையா?

வண்டி வந்த அன்று கீழே எங்கள் குடியிருப்பின் காவலாளிதான் நாற்காலியைத் தூக்கி டிக்கியில் வைக்கப் பார்த்தார். அவள் நீங்கள் நினைக்கிற மாதிரி மடக்குகிற நாற்காலி வைத்திருக்கவில்லை. உடம்புக்கு அளவெடுத்துச் செய்த, மடங்காத சட்டம். அவள் நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், சக்கரத்தைக் கழட்டிப் பாக்கட்டுமா?"

"கழட்டுங்க. அப்படியே வண்டி வாங்கினவர் தலையையும் கழட்டி உள்ள ஏதாவது இருக்கான்னு பாருங்க."

சக்கரங்களைக் கழற்றியும் சட்டம் உள்ளே போகவில்லை. முன் கதவு வழியாகப் பின் சீட்டில் ஏற்றவும் முடியவில்லை; இரண்டே கதவு, நீங்களே பார்க்கிறீர்கள்.

"ஏங்க, பின் சீட்டு மடியாதா?"

"அதுக்கு அடியில பேட்டரி இருக்கு. மடக்க முடியாது" என்றேன்.

"வாங்கறதுக்கு முன்னாடி பார்த்திருக்கலாமே?"

"விட்டுப்போச்சு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "போகட்டும். சோப்பு டப்பாவுல சோப்புதானே போகும்." அன்றிலிருந்து வண்டியின் பெயர் சோப்பு டப்பா.

அதன் பிறகு டாக்சி. நாற்காலியைப் பார்த்ததும் சில டிரைவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனது உண்மை. பிறகு நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். போனைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே, "கிடைக்கலை" என்பேன். நாற்காலியிலேயே போகக்கூடிய தூரம்தான், ஆனால் நடைபாதை பெயர்ந்து கிடந்தது, லாரிகள் போகிற சாலை. "அந்த ரோட்ல நீ தனியாப் போகாதே" என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். அக்கறை இல்லாமலா சொல்வேன்?

சுருட்டை அக்கா முதலில் தினமும் போன் செய்தார், பிறகு எப்போதாவது. மூன்றாவது கண்ணாடிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். என் மனைவி வீட்டில் இருந்தாள். யார் கேட்பது, யாரிடம் சொல்வது? வீடு அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கமாட்டீர்களே? நல்ல சாப்பாடு, நல்ல காற்று, சண்டை இல்லை. சாயங்காலம் நான் வந்ததும் என் தலையைப் பிடித்து ஏதாவது ஒரு முடியை நறுக்குவாள். நறுக்க ஒன்றுமில்லாதபோது கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் நான் வரும்போது காவலாளி எங்கள் மாடி வராந்தாவில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். "...என் காலு ரெண்டும் தூங்கிடுச்சு" என்பது படிக்கட்டிலேயே காதில் விழுந்தது. மறுநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடத்துக்கு உடம்பு முடியலை, தொந்தரவு பண்ணாதீங்க" என்றேன். பாவம், நல்ல மனிதர். அதற்குப் பிறகு மாடிக்கு வரவே இல்லை. அவர் ஏன் வரவில்லை என்று அவள் என்னிடம் கேட்கவும் இல்லை. அப்போதே அவளுக்குப் புரிந்திருக்கலாம். அதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

அந்தக் காலையில் சுருட்டை அக்கா போன் செய்தார். என் மனைவியிடமே வெகுநாளாக முடி வெட்டிக்கொள்கிற ஒரு டீச்சர். அவருக்குப் புற்றுநோய், சிகிச்சை தொடங்கப் போகிறது. மருந்தில் முடி கொட்டுவதற்கு முன்னால் ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் இவள் கையால்தான் என்று பார்லரில் வந்து காத்திருந்தார்.

"இன்னைக்கு மட்டும் எப்படியாவது கொண்டுபோய் விடுங்க" என்றாள் என் மனைவி.

நான் போனை எடுத்துத் தடவினேன். "டாக்சி ஒண்ணும் கிடைக்கலை."

"சரி, நீங்க கிளம்புங்க. நானே போய்க்கிறேன்."

அவள் குரல் உயரவில்லை. கத்தரிக்கோலை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். தலை சீவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பாள்.

அவள் லிஃப்டில் முதலில் இறங்கிப் போனாள். நான் சாவகாசமாகக் கிளம்பினேன். பிரதான சாலை முனையில் சிவப்பு விளக்கு விழுந்து நின்றேன். அவள் சாலையோரத்தில், தேங்கிய தண்ணீருக்கு இந்தப் பக்கம், கடக்கத் தயங்கி நின்றுகொண்டிருந்தாள். என் வண்டியைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கிக் காட்டினாள். வரட்டுமா என்பதுபோல.

நான் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து விரித்துக் காட்டினேன். நாற்காலி உள்ளே போகாதே, நான் என்ன செய்வேன் என்பதுபோல.

அவள் சிரித்தாள். பச்சை விழுந்தது, நான் போய்விட்டேன்.

சத்தமில்லாத வண்டி என்று சொன்னேன் அல்லவா. பழைய காராக இருந்திருந்தால் இன்ஜின் இரைச்சலில் கேட்டிருக்காது. இதில் கண்ணாடிகள் மூடியிருந்தும் பின்னால் தண்ணீர் லாரி பிரேக் போட்டது தெளிவாகக் கேட்டது. நான் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்த லாரி டிரைவர் இன்னும் வழக்குக்காக அலைந்துகொண்டிருக்கிறார். "எங்கிருந்தோ வந்து விழுந்துட்டாங்க சார்" என்று என்னிடமே அழுதார். போலீஸ் விபத்து என்று எழுதியது. என் மைத்துனன் என் தோளில் சாய்ந்து, "மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க, வண்டியில இடமில்லாமப் போச்சு" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். காவலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் எதையும் கேட்கவில்லை. ஒருவராவது கேட்பார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

மழை விட்டுவிட்டது. ஆமாம், இப்போது நீங்கள் ஏதோ கேட்டீர்கள், நான்தான் பேசிக்கொண்டே போய்விட்டேன். வீட்டில் குழந்தை வரப்போகிறது, தள்ளுவண்டி வைக்க வேண்டும், பின் சீட்டு மடியுமா என்றுதானே?

மடியும். அடியில் பேட்டரி இருப்பது நிஜம், ஆனால் அதற்கும் சீட்டின் முதுகு மடிவதற்கும் சம்பந்தமில்லை. வாங்குவதற்கு முன்பே, சக்கரம் பழுது பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொல்லி நாற்காலியை ஷோரூமுக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்தவர் கைப்பிடியை ஒரு இழு இழுத்தார், சீட்டு படுத்துக்கொண்டது, நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. "பாத்தீங்களா சார், உங்க மேடத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். வண்டியை எடுத்த அன்று, வீட்டுக்கு வருவதற்கு முன்னால் வழியில் நிறுத்தி அந்தக் கைப்பிடியைத் திருகிக் கழற்றினேன். ஓட்டை தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்தினேன்.

அது பத்திரமாக இருக்கிறது. முன்னால் இருக்கும் பெட்டியைத் திறங்கள், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். திருகினால் போதும்.

வாங்குகிறவரிடம் எதையும் மறைத்து விற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, தம்பி.