தெளிந்த கரைசல்

"...மினுக்குன்னு ஒரு பொட்டு வெளிச்சம். அவ்வளவுதான், பாய். அப்புறம் செத்த பல்பு."

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு முடிதிருத்தும் கடையில், கழுத்துவரை துணி சுற்றி உட்கார்ந்திருந்தார் ரத்னவேல். ஆய்வுக்கூடத்தில் முப்பது வருட டெக்னீஷியன். கடைக்காரர் அப்துல் கஃபார் சவரக்கத்தியைக் கிட்டே கொண்டுபோகும் போதெல்லாம் இவர் வாய் திறந்தது. நுரை இரண்டாவது தடவையாகக் காய்ந்தது.

"ரெண்டு மணிக்குப் புரொபசர் வந்து பார்க்கறார். செல் பச்சையா எரியலைன்னா இந்த மாசத்தோட நான் வீட்டுக்கு. வேலை நீட்டிப்பு லெட்டர் அவர் கையில லா. ரத்தத்துல கிருமியோட சண்டை போடற செல் இருக்கில்ல? எதிரியைத் தொட்டதும் முதல்ல உள்ள வச்சிருக்கற கால்சியத்தை அவுத்து விடும். அது தீர்ந்ததும் வெளிக்கதவு திறக்கும். வெளிய இருக்கற கால்சியம் திமுதிமுன்னு உள்ள பாயும். நாங்க போட்ட சாயம் பச்சையா எரியும். சண்டைக்கு அதுதான் உத்தரவு. என் செல்லுக்கு உத்தரவே வரலை. கத்தியை எடுங்க, பேசணும்."

கஃபார் எடுத்தார். வலது கன்னம் மட்டும் முடிந்திருந்தது.

"எல்லாம் அந்த நஸீஹாவால. புதுசா வந்த பொண்ணு. படிப்பு இருக்கு, சுத்தம் இல்லை. அவ கலக்கி வச்ச கரைசல்ல அடியில வெள்ளையா கசடு. செல் அதுலதான் மிதக்கணும். கேட்டா, 'லேசா கலங்கினா ஓகே அங்கிள்'ங்கறா. என்கிட்டயா? அவ சாப்பிடப் போனதும் ஈடிடிஏ பொடி ஒரு கரண்டி போட்டேன். ஒரே குலுக்கு. கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடுச்சு. அந்தப் பொடி லேசுப்பட்டதில்ல, பாய். தண்ணியில இருக்கற கால்சியத்தை ஒண்ணு விடாம கவ்விப் பிடிச்சுக்கும். அப்புறம் எந்தச் செல்லுக்கும்..."

நிறுத்தினார். மின்விசிறி ஓடும் சத்தம் அப்போதுதான் கேட்டது. கஃபார் அவசரமாகக் கத்தியை இடது கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

"கதவு திறந்துதான் இருக்கு," என்றார் ரத்னவேல், மெதுவாக. "உள்ள வரத்தான் ஆளில்லை."

போனை எடுத்தார்.

"நஸீஹா, அந்தப் புட்டியைக் கொட்டு. புதுசா கலக்கு. கலங்கினா கலங்கட்டும். ஏனா? வந்து சொல்றேன்மா. புரொபசர்கிட்டயும் நானே சொல்றேன்."

கழுத்துத் துணியோடு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் ஓடினார். ஒரு கன்னம் வழவழ, மறு கன்னம் நுரை.

அடுத்த ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கஃபார் கத்தியைத் துடைத்தார்.

"பேசாதீங்க," என்றார்.