சரியான வண்டியில் வீடு போன இருவர்

எங்கள் எல்லோர் வாயையும் ஏதோ ஒரு நாளில் திறந்து பார்த்தவரும், இன்று அவற்றை மூடி வைக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவருமான தலைவர், பல் மருத்துவர் அம்மா அவர்களே! திரைக்கு வலப்புறம் அமர்ந்து, அந்த இயக்குநரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற ஆதரவு அணியினரே! இடப்புறம் அமர்ந்து, அதே தலையில் அடித்துக்கொள்கிற எதிர்ப்பு அணியினரே! இத்தனை கூச்சலிலும் தூங்கிவிட்ட பிள்ளைகளைத் தோளில் சாய்த்திருக்கும் தாய்மார்களே! என்னைவிட மூத்த பெரியோர்களே, அப்படி யாரேனும் மிச்சம் இருந்தால்! அனைவருக்கும் இந்தக் கிழவனின் கனிந்த கும்பிடு.

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நான் தீர்ப்புச் சொன்ன பிறகு தேவைப்படாமலும் போகலாம்.

இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு என்ன? அந்த மனிதர் எடுத்த படங்கள் கலையா, கழுத்தறுப்பா? கலை என்று நான் சொன்னால் எதிர்ப்பு அணி எழுந்து போய் வேறு சங்கம் தொடங்குமாம். கழுத்தறுப்பு என்று சொன்னால் ஆதரவு அணி போகுமாம். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் இந்தத் திரைப்பட ரசிகர் சங்கம் இன்றோடு இரண்டு. இப்படிப்பட்ட நாற்காலியில் என்னை ஏன் உட்கார வைத்தீர்கள்? இரண்டு அணியும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நானாம். காரணம் கேட்டேன். இதுவரை என் கருத்தை யாருமே கேட்டதில்லையாம்.

இரு பக்கமும் பிரமாதமாகத்தான் பேசினீர்கள். ஆதரவு அணியின் நர்ஸ் அம்மா சொன்னார்: ஆஸ்பத்திரிப் படத்தில் அந்த மனிதர் அறைக்குள்ளே போகவில்லை, வெளியே காத்திருப்பவர்களின் கால்களையே காட்டிக்கொண்டிருந்தார், தினமும் நான் பார்க்கிற துயரம் அந்தக் கால்களில்தான் இருக்கிறது என்றார். அரங்கம் அழுதது. அடுத்து பஸ் டிரைவர் தம்பி எழுந்தார். நாள் முழுவதும் சிக்னலில் நின்றுவிட்டு வருகிறேன், டிக்கெட் எடுத்து உள்ளே வந்து இன்னொரு சிக்னலிலும் நிற்க வேண்டுமா என்றார். அழுத அரங்கமே சிரித்தது. இதில் எது பொய்? இரண்டும் மெய்.

இந்தத் தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் நரைத்தவன் நான். படங்களைப் பார்த்ததைவிடச் சுவர் வழியாகக் கேட்டதுதான் அதிகம். அடிதடிப் படம் என்றால் சுவர் அதிரும். பாட்டுப் படம் என்றால் சுவர் ஆடும். அந்த மனிதரின் முதல் படம் ஓடியபோது சுவர் சும்மா இருந்தது. மின்சாரம் போய்விட்டதோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தகப்பன், மகள் வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்கி நிற்கிறான். நிற்கிறான். நின்றுகொண்டே இருக்கிறான். தட்டினானா? தெரியாது. கதவு திறந்ததா? தெரியாது. அரங்கத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அன்று வெளியே வந்த கூட்டத்தில் நெட்டையாக ஒருவர், குட்டையாக ஒருவர். அதுவரை ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நெட்டையானவர் நம் தச்சர். குட்டையானவர் நம் மருந்துக்கடைக்காரர். தட்டுவதற்குத்தானே கதவு, வேடிக்கை பார்க்கவா என்று மருந்துக்கடைக்காரர் யாரிடமோ அலுத்துக்கொண்டார். தச்சருக்குப் பொறுக்கவில்லை.

"கதவு செய்றவன் நானு. எங்கிட்டயே கதவப் பத்திப் பேசறியா? கையத் தூக்கிட்டான்ல, அதுலயே பாதி வீட்டுக்குள்ள போயிட்டான்யா."

"மீதிப் பாதிய யாரு காட்டுவா, உங்க அப்பனா?"

ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்போம். அதில் இருக்கிற எண்ணை எனக்குப் படிக்க வராது. முகத்தைப் பார்ப்பேன், வண்டியைக் காட்டுவேன். அன்றும் காட்டினேன். யார் பார்த்தார்கள்? வாதம் முற்றி, வாய் வறண்டு, கைக்குக் கிடைத்ததை இழுத்துக்கொண்டு போனார்கள். நெட்டையின் சைக்கிளில் குட்டை, குட்டையின் சைக்கிளில் நெட்டை. ஒருவருக்குக் கால் எட்டவில்லை, இன்னொருவருக்கு முட்டி மூக்கில் இடிக்கிறது. கூவிக் கூவிக் கூப்பிட்டேன். திரும்பினால்தானே!

மறுநாள் காலை ஆளுக்கொரு திசையிலிருந்து அடுத்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாற்றிக்கொண்டு போவார்கள் என்று பார்த்தேன். கதவை விடு, அந்த ஜன்னல் எதற்கு என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். காலைக் காட்சிக்கு ஆள் வரும் வரை போகவில்லை. அந்தச் சண்டைதான் சிநேகமானது. உட்கார்ந்து சண்டை போடுவதற்கென்றே மருந்துக்கடை வாசலில் தச்சர் ஒரு பெஞ்சு செய்து போட்டார். மருந்துக்கடைக்காரருக்குத் தச்சர் 'உளி', தச்சருக்கு மருந்துக்கடைக்காரர் 'சிரப்பு'. அந்தப் பெஞ்சில் பிறந்ததுதான், அவையோரே, இன்று நீங்கள் பிளக்க வந்திருக்கும் இந்தச் சங்கம்.

சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்த காலத்தில் வந்தது அந்த மனிதரின் மேசைப் படம். புருசனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேச்சில்லை. மூன்றாவதாக ஒரு நாற்காலி, அதன் முன்னால் ஒரு தட்டு. யாரும் வரவில்லை, யாருக்கு என்றும் சொல்லவில்லை. படம் விட்டது. மேசையும் பேசவில்லை, மனுசனும் பேசவில்லை, நான் எதற்கு வந்தேன் என்று மருந்துக்கடைக்காரர் வழக்கம்போலப் பந்தைப் போட்டார். வழக்கமாக என்ன நடக்கும்? தச்சர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அன்று குதிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்குப் புரியாது. விடு."

மடையன் என்று சொல்லியிருக்கிறார், அது வாதம். மரமண்டை என்று சொல்லியிருக்கிறார், தச்சர் வாயில் அது பாராட்டு. ஏசுவதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும் அல்லவா? 'உனக்குப் புரியாது' என்ற சொல்லில் எதிரே ஆளே இல்லை. இருவரும் என்னிடம் வந்து ஸ்கூட்டர் சாவியை வாங்கினார்கள். சரியான சாவி. சரியான வண்டி. அவரவர் வண்டியில் அவரவர் வீட்டுக்கு, அரவமில்லாமல் போனார்கள்.

அன்று முதல் பெஞ்சு காலி. ஒருவர் பின்னால் ஓர் அணி, இன்னொருவர் பின்னால் இன்னோர் அணி. கலையாம், கழுத்தறுப்பாம்.

இனி நான் சொல்வதற்கு இருவரும் என்னிடம் கோபித்துக்கொள்ளலாம். சில நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் ஸ்டாண்டுக்கு வந்தார். டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். காற்று நிறையவே இருந்தது.

"பெரியவரே, அந்த மூணாவது நாற்காலி ஏன் காலியா இருக்குன்னு அந்த உளி ஏதாச்சும் சொன்னானா? சும்மாதான் கேட்டேன், எனக்கென்ன."

எனக்கென்ன என்றவர், அந்தக் கழுத்தறுப்பைத் தனியாகப் போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்திருந்தார். எதிர்ப்பு அணியினரே, அவரை முறைக்காதீர்கள். ஆதரவு அணி சிரிக்க வேண்டாம், உங்கள் ஆளும் வந்தார். மேலும் கீழும் பார்த்தார், வெயிலைப் பற்றிப் பேசினார்.

"அந்தச் சிரப்பு வந்தானா பெரியவரே? என்ன சொல்லித் திட்டுறான்? அவன் திட்டாம இந்தப் படம் எனக்கே சப்புன்னு கெடக்கு."

சிரிக்கச் சிரிக்க வீட்டுக்கு அனுப்புகிற படம் உண்டு. அழ அழ அனுப்புகிற படமும் உண்டு. வீட்டுக்கே போகவிடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி வைக்கிற படத்தை வேறு யார் எடுத்தார்கள்? பாதிக் கதவை அந்த மனிதர் காட்டினார். மீதியை என் ஸ்டாண்டில் நின்று நீங்களல்லவா திறந்தீர்கள்? தள்ளியவர் ஒருவர், தடுத்தவர் ஒருவர். இருவரும் இல்லாவிட்டால் அது வெறும் பலகை! ஆகவே தீர்ப்பு: கலை என்பவனும் இருக்க வேண்டும், கழுத்தறுப்பு என்பவனும் இருக்க வேண்டும், இருவரும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும். பிரித்துக் கொடுக்க நான் வரவில்லை.

முணுமுணுப்புக் கேட்கிறது. தீர்ப்பை ஒப்புக்கொள்ள மாட்டீர்களா? ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் இருவர்தான். முன்வரிசையில் அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் ஒருவர், இடையில் எல்லா நாற்காலியும் காலி. வாசலில் சாவியை வாங்கி வைத்திருந்தேன் அல்லவா? மேடை ஏறும் முன் உங்கள் இருவருக்கும் திருப்பிக் கொடுத்தேனே, பையில் கைவிட்டுப் பாருங்கள். தச்சரே, உங்கள் சாவியில் மரக்கட்டை தொங்கும். இப்போது தொங்குவது என்ன? மாத்திரை மாதிரி ஏதோ இருக்கிறதா? கிழவன் தடுமாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். முகம் பார்த்து வண்டி கொடுத்தவன், முகம் பார்த்துத்தான் மாற்றிக் கொடுத்தேன்.

எழுந்துவிட்டார்கள். நடக்கிறார்கள். தலைவர் அம்மா, நேரமாயிற்று என்று மணியை அடித்துவிடாதீர்கள். என்ன பேசுகிறார்கள்? முதலில் கையை நீட்டுகிறவர் மருந்துக்கடைக்காரர்.

"சாவியக் குடு."

"கேக்கணும்னு இருக்கியே, மொதல்ல அதக் கேளு."

"அந்த நாற்காலி ஏன்யா காலியா இருக்கு?"

"உக்காரு, சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டார்கள், அவையோரே, முன்வரிசையின் நடுவில், பக்கத்தில் பக்கத்தில். அதோ, மருந்துக்கடைக்காரர் இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

இனி மேடையில் எனக்கு என்ன வேலை? பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், போட்டுத் தாக்கிய இரு அணிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தலைமை தாங்கிய மருத்துவர் அம்மாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மற்றவர்கள் சாவி எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பேசி முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள். வாசலில் காத்திருக்கிறேன். வணக்கம்.