மாலை வேண்டாம், மாடியைத் தாருங்கள்

இந்த மகளிர் தின விழாவுக்குத் தலைமையேற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் ஜவுளிக்கடை நயினார் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசை நாற்காலிகளை நிறைத்திருக்கும் பெரியவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தென்காசித் தாய்மார்களே, கடையநல்லூர் ஷமீம் பானுவின் வணக்கம்.

பெண்களுக்குக் கணினி கற்பித்து வேலை தேடித் தரும் நிறுவனத்தை நான்கு ஆண்டுகளாக நடத்துகிறேன். எத்தனை மேடை, எத்தனை மாலை, எத்தனை மலர்ந்த முகங்கள்! ஓர் அறை வாடகைக்குக் கேட்டால் மட்டும் அத்தனை முகமும் வாடிப்போவது ஏன் ஐயா?

மாஜிதாவைச் சொல்கிறேன். அதோ, தூணருகே நிற்கிறாள். கணவர் துபாயில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலையைக் கற்றாள். ஏன் சமையலறை? வகுப்புக்கு வேறு இடமில்லை. நேர்முகத் தேர்வும் அங்கேதான். திரையில் பெங்களூர் அதிகாரி, அடுப்பில் குக்கர். அது என்ன சத்தம் என்று கேட்டார். "பருப்பு வேகுது சார், நீங்க அடுத்த கேள்வியக் கேளுங்க" என்றாள். தேர்வானாள். அவளோடு இன்னும் நான்கு பெண்கள்.

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாடிக்கையாளர் விவரங்களைச் சமையலறையில் வைத்துப் பார்க்க முடியாது, திங்கட்கிழமைக்குள் தனி அலுவலகம் காட்டுங்கள், இல்லையேல் ஐந்து வேலையும் வேறு ஊருக்குப் போகும் என்று அந்தப் பெங்களூர் நிறுவனம் சொல்லிவிட்டது.

ஏறினேன், இறங்கினேன், கெஞ்சினேன், கொதித்தேன். இரண்டு வருடத்தில் பதினோரு கட்டடம்! ஒருவர் வாஸ்து சரியில்லை என்றார். ஒருவர் என் வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னார். அண்ணாச்சியின் கடைமாடி மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக ஏறி எறங்குனா ஊரு ஒண்ணு சொல்லும், தாயி" என்றார்.

அண்ணாச்சி, கீழே உங்கள் கடையில் சேலை விரித்துக் காட்டுவது யார்? மடித்து வைப்பது யார்? கால் கடுக்க நிற்பது யார்? பெண்கள் கீழே நின்றால் பேசாத ஊர், மாடியில் உட்கார்ந்தால்தான் பேசுமா?

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்கிறார். அந்த நாளையை நான் இரண்டு வருடமாகக் கேட்கிறேன் ஐயா. இதோ மைக். இங்கேயே சொல்லுங்கள்.

...கேட்டீர்களா? "எடுத்துக்கிடு தாயி, நாளைக்கே தூத்துப் பெருக்கிருதோம்" என்கிறார். நன்றி, அண்ணாச்சி. கை தட்டுவது இருக்கட்டும், பின்னால் யாரோ பேசுகிறார்கள். யாரம்மா? சங்கரேஸ்வரியா? அண்ணாச்சி கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். "கடையில ஒரு மணி நேரம் விட்டாவன்னா நாங்களும் மாடிக்குப் படிக்க வரலாமாக்கா?" என்று கேட்கிறாள்.

என்னைப் பார்க்காதே அம்மா, அவரைப் பார்.

அண்ணாச்சி தலையசைத்துவிட்டார். ஊரே சாட்சி! பொறுமையோடு என் பொறுமையின்மையைக் கேட்ட அனைவருக்கும் நன்றி கூறி, நின்றே கேட்ட என் தாய்மார்களை முதலில் வணங்கி விடைபெறுகிறேன்.