‘நான்’ என்ற பாதை

ஐயா, இனி நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று, நீங்கள் வாங்கிக் கொடுத்த இந்தத் தேநீரின் மேல் சத்தியம் செய்கிறேன். சர்க்கரை சற்றுத் தூக்கல். அதுவும் உண்மைதான்.

அந்த அலுவலகத்தில் எனக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் எழுதும் நிரல்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவேன். ஓய்வு பெற்றவனைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் ‘பெருசு’ என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் மேலாளரை உங்களுக்குத் தெரியும். அவரைத் தேடித்தானே விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நான்சார். அடுத்தவர் முதுகொடிய எழுதியதை ‘நான் எழுதினேன்’ என்பார். மழை பெய்தால் அதையும் தான்தான் வரச் சொன்னதுபோலக் குடையை விரிப்பார். நல்ல மனிதர். கெட்ட எண்ணமே இல்லாமல் பிடுங்கிக்கொள்வார்.

அவரிடம் மாட்டிக்கொண்டவள் கமா. பட்டப்பெயர்தான். ஒரு கமா விட்டுப்போனதென்று ஒரு வெளியீட்டையே நிறுத்தி வைத்தவள். ஊழியர்களுக்கான ஏபிஐயைப் பைத்தான் என்ற கணினி மொழியில், ஃபாஸ்ட்ஏபிஐ என்ற கட்டமைப்பில், ஒற்றை ஆளாக எழுதியது அவள்தான். ஏபிஐ என்றதும் மிரள வேண்டாம். அது ஒரு கவுன்டர் ஜன்னல். வாசல் கதவும் உணவுக்கூட இயந்திரமும் கைபேசியும் அங்கே வந்து கேட்கும். உள்ளிருந்து சர்வர் என்ற கணினி பதில் சொல்லும்.

வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் முன்னால் அதைக் காட்ட வேண்டும். கமாவின் தகுதிகாண் காலமும் அன்றோடு முடிகிறது. அது அவள் கைவேலை என்று தெரிந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நான்சார் அவளிடம் அன்பாகவே சொன்னார்: “நான் எழுதினது, நான் காட்டிக்கிறேன். நீ பக்கத்துல நின்னு ஸ்லைடு மட்டும் தள்ளும்மா.”

அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள். “ஏன் பெருசு, எல்லாமே அந்தாளுன்னா அப்ப நான் யாரு?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதைச் சர்வரிடமே விட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஏபிஐயில் இரண்டு பாதைகள் உண்டு. ‘ஊழியர்/நான்’ என்று கேட்டால், கேட்பவருடைய விவரமே வரும். ‘ஊழியர்/’ என்று போட்டுப் பின்னால் வேறு எதை எழுதினாலும், அந்த அடையாளம் உள்ள ஆளின் விவரம் வரும். கட்டமைப்பு இவற்றை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். முதலில் பொருந்துவதில் ஏறிவிடும். பின்னால் காலியான பஸ் வருகிறதா என்று நிற்காது. ஆகவே ‘நான்’ மேலே இருக்க வேண்டும். கமா அப்படித்தான் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் அதைக் கீழே இறக்கினேன். அவ்வளவுதான்.

இனி யாராவது ‘நான்’ என்றால், அப்படி ஒரு அடையாளத்தில் யார் இருக்கிறார் என்று சர்வர் தேடும். பாவம், அது வெறுங்கையோடு திரும்பக்கூடாதே என்று அந்த அடையாளத்தில் ஒரு ஊழியரையும் சேர்த்து வைத்தேன். வரவேற்பறைத் தொட்டியில் இருந்த தங்கமீன்.

திங்கட்கிழமை காலை, கைபேசியை வாசல் கதவில் காட்டி ‘நான்’ என்ற எல்லோருக்கும் மீன்தான் வந்தது; அலுவலகம் மொத்தமும் மீனாக வந்து இறங்கியது. மீனுக்கு வரவேற்பறையைத் தாண்ட அனுமதியில்லை. மற்றவர்கள் விவரமானவர்கள். ‘நான்’ என்பதை விட்டுவிட்டு அவரவர் ஊழியர் எண்ணைத் தட்டி உள்ளே போய்விட்டார்கள். நான்சார் மட்டும் வாசலில் நின்றார்.

“சார், நீங்க மீன்னு வருது,” என்றார் காவலாளி.

“நான் யாருன்னு தெரியுமா?”

“அதத்தான் சார் கேட்டேன். மீன்னுதான் சொல்லுது. நம்பரைத் தட்டுங்க, சரியாப் போயிடும்.”

எண்ணைத் தட்டுவதா? அவருக்கு அது கௌரவக் குறைச்சல். தொட்டியருகே இருந்த சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டார். மதியம் வரவேற்பறையை ஒட்டியிருந்த உணவுக்கூட இயந்திரம் அவருக்கு ஒரு சிட்டிகைத் தீனி அளந்து கொடுத்தது. முதல் நாள் கத்தினார். மறுநாள் மோந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் இன்னொரு சிட்டிகை கிடைக்குமா என்று விசாரித்தார். பேச்சு குறைந்தது. வாயைத் திறப்பார், மூடுவார். கண் இமைப்பதும் நின்றுபோனது. கழுத்தருகே ஏதோ மினுங்குகிறது என்று வரவேற்பறைப் பெண் சொன்னாள். டை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் வந்தார்கள். வரவேற்பறைத் திரையில் ‘ஊழியர்/நான்’ என்று போட்டதும் தங்கமீன் வந்து நின்றது. இதை எழுதியது யார் என்று கேட்டார்கள். நான்சார் எழுந்து வாயைத் திறந்தார். ஒரு குமிழி வந்தது. தவறு எங்கே என்று கேட்டார்கள். இன்னொரு குமிழி.

கமா முன்னால் போனாள். எதையும் தேடவில்லை. இரண்டு பாதைகளையும் மேல்கீழாக மாற்றி வைத்து, ‘நான்’ ஏன் மேலே இருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் விளக்கினாள். வேலை அங்கேயே உறுதியானது. எல்லோருடைய கைபேசியிலும் அவரவர் முகம் திரும்பியது. நான்சாருடையதில் மட்டும் மீனே வந்தது. பாதை சரியாகத்தான் இருந்தது, ஐயா. சர்வர் பார்த்ததைச் சொன்னது.

நீங்கள் தேடுபவர் எங்கும் ஓடிப்போகவில்லை. வரவேற்பறைத் தொட்டியில் இப்போது இரண்டு மீன்கள். தீனி போட்டால் முதலில் மேலே வருவது அவர்தான்.

ஒரு மனிதருக்குத் துடுப்பு முளைக்க வைத்தது குற்றமென்றால், அந்தக் குற்றத்தைச் செய்தது நான். யோசித்தது நான், இறக்கியது நான், மீனைச் சேர்த்ததும் நானேதான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வது என் கடமை என்பதால், அந்த ஞாயிறு முதல் வெள்ளி வரை நான் எங்கே இருந்தேன் என்ற கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு கண்ணிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், இதையெல்லாம் தினமும் மாலையில் வந்து சொன்னது கமாதான்.